எட்டுத் திரைக்கும் ஒரே முகம்

எங்கள் கடையில் இரண்டு கட்சி இருந்தது. இடது சுவரை ஒட்டி இருந்த நான்கு கம்ப்யூட்டர்களும் அண்ணன் கட்சி. வலது சுவரை ஒட்டி இருந்த நான்கும் என் கட்சி. நடுவில் ஓர் ஆள் ஒருக்களித்து நடக்கிற அளவுக்கு இடம். அந்த இடத்தில் நின்றுகொண்டு நானும் அண்ணனும் போடுகிற சண்டையைக் கேட்பதற்கென்றே சிலர் வந்தார்கள் என்று இப்போது தோன்றுகிறது.

திருவொற்றியூரில் தேரடியிலிருந்து கடல் பக்கம் இறங்குகிற ஒரு சந்தில், எங்கள் வீட்டு முன்னறைதான் கடை. இரண்டாயிரத்து இரண்டு, மூன்று வாக்கில் சந்துக்கு ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. அண்ணனுக்கு எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. நான் டிப்ளமோ முடித்துவிட்டு, கும்மிடிப்பூண்டி வண்டியில் தொங்கிக்கொண்டு போய் நாலைந்து கம்பெனிகளில் பயோடேட்டா கொடுத்துப் பார்த்து, அலுத்துப்போய் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு பேரும் சேர்ந்து ரிச்சி தெருவில் பழைய மெஷின்களாகப் பார்த்து வாங்கிப் போட்டோம். தடுப்புப் பலகை வைத்து அறை அறையாகப் பிரிக்கக் கூடாது என்பது என் பிடிவாதம். திறந்த கடை என்றால்தான் என்னைப் போன்ற பெண்கள் வருவார்கள். வந்தார்கள்.

முதலில் எல்லாரையும் போல நாங்களும் திருட்டு விண்டோஸ்தான் வைத்திருந்தோம். வாரம் ஒருமுறை வைரஸ் வந்து எல்லாவற்றையும் தின்றுவிட்டுப் போகும். போதாக்குறைக்கு, கடை கடையாக ரெய்டு வருகிறார்கள் என்று ஒரு வதந்தி. பயந்துபோய், ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியை வைத்து எட்டு மெஷினுக்கும் லினக்ஸ் ஏற்றினோம். அதன் பிறகு வைரஸ் வரவில்லை, ரெய்டும் வரவில்லை. முதல் மாதம் ஆளும் வரவில்லை.

லினக்ஸில் ஒரு வசதி உண்டு, அதுவே தொல்லையும். உள்ளே ஓடுகிற சரக்கு ஒன்றுதான். மேலே கண்ணுக்குத் தெரிகிற டெஸ்க்டாப் மட்டும் பல வகை, நமக்குப் பிடித்ததைப் போட்டுக்கொள்ளலாம். எனக்குப் பிடித்தது கேடிஇ. நீலத் திரை, கீழே ஒரு பட்டை, இடது மூலையில் ஒரு பெரிய பட்டன், தோண்டத் தோண்டத் தீராத செட்டிங்ஸ். அண்ணன் க்னோம் ஆள். மேலே ஒரு பட்டை, கீழே ஒரு பட்டை, மாற்றுவதற்கு அதிகம் எதுவும் கிடையாது. அது மாமனார் வீடு மாதிரி, உட்காரச் சொன்ன இடத்தில்தான் உட்கார வேண்டும் என்று நான் கேலி செய்வேன்.

“உன்து மட்டும் இன்னா? மீன் மார்க்கெட் மாறி கீது. எங்க பார்த்தாலும் பட்டன்” என்பான் அவன்.

அவனுடைய நான்கு திரைகளுக்கும் பச்சை வயல் படம் போட்டிருந்தான். வருகிறவர்களுக்கு கேடிஇயும் தெரியாது, க்னோமும் தெரியாது. பச்சைப் பொட்டி, நீலப் பொட்டி, அவ்வளவுதான்.

என் பக்கம் ஒரு கிளிக் செய்தால் ஃபைல் திறக்கும். அவன் பக்கம் இரண்டு கிளிக். அவன் பக்கம் பழகிய ஆள் என் பக்கம் வந்து உட்கார்ந்து தடதடவென்று தட்டினால் ஒரே ஃபைல் இரண்டு தடவை திறக்கத் தொடங்கும். கிழட்டு மெஷின் வேறு. அது திறக்கிற வரைக்கும் பொறுமையில்லாமல் இன்னும் நாலு தட்டு தட்டுவார்கள். மெஷின் அப்படியே படுத்துவிடும். நான் எழுந்து போய்க் கத்துவேன். எனக்கு அப்போது வாய் கொஞ்சம் நீளம். இப்போதும் குறைந்ததாக யாரும் சொல்லவில்லை.

அந்த நாட்களில்தான் மீன்கார அக்கா வந்தார். விடியற்காலையில் காசிமேட்டில் ஏலம் எடுத்து, ஷேர் ஆட்டோவில் அன்னக்கூடையோடு வந்து, தேரடி மார்க்கெட்டில் விற்று முடித்து, குப்பத்து வீட்டில் குளித்து, வேறு புடவை கட்டிக்கொண்டு வாரம் ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்துக்குக் கடைக்கு வருவார். அப்படியும் கொஞ்சம் மீன் வாசம் அடிக்கும். ஒருநாள் பக்கத்து நாற்காலியில் இருந்த ஒருத்தர் கர்ச்சீப்பை மூக்கில் வைத்துக்கொண்டார்.

“இன்னாபா, நேத்து வஞ்சிரம் துன்னியே, அப்போ நாறலியா?” என்று அக்கா கேட்டார். கர்ச்சீப் உடனே பைக்குள் போய்விட்டது. எனக்கு அக்காவைப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.

அவர் வீட்டுக்காரர் முன்பு ஃபைபர் போட்டில் மீனுக்குப் போனவர். பிறகு யாரோ ஏஜெண்டைப் பிடித்து சரக்குக் கப்பலில் டெக் வேலைக்குப் போய்விட்டார். துறைமுகம் துறைமுகமாகப் போகிற கப்பல். கரை கிடைக்கிற ஊரில் பிரவுசிங் சென்டர் இருந்தால் ஈமெயில் போடுவார். அக்காவுக்கு மெயில் முகவரி ஆரம்பித்துக் கொடுத்ததும் நான், பாஸ்வேர்டு வைத்ததும் நான், வருகிற மெயிலைப் படித்துக் காட்டுவதும் நான். வீட்டுக்காரர் தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து அனுப்புவார். அக்காவுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்க வரும், ஆங்கில எழுத்து வராது.

படித்துக் காட்டுவது லேசான காரியம் இல்லை. அந்த மனிதர் பெண்டாட்டிக்கு எழுதுகிறோம் என்று நினைத்து எழுதுகிறார். நடுவில் வயசுப் பெண் ஒருத்தி சத்தம் போட்டுப் படிக்கப்போகிறாள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? சில வரிகளில் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

“இன்னா பாப்பா, பாதில நிறுத்திட்ட? எய்தினது அவுரு, கேக்கறது நானு. வெக்கப்பட வேண்டியது நாங்க. உனக்கு இன்னா வந்துச்சு? படி” என்பார் அக்கா. நான் படிப்பேன். அண்ணன் ஏதோ வேலை இருப்பதுபோல வெளியே போய்விடுவான்.

முதல் மெயில் வந்தது அண்ணன் பக்கத்தில், வாசலிலிருந்து கடைசியாக இருந்த பச்சை மெஷினில். அன்றிலிருந்து அக்கா அதில்தான் உட்காருவார். வேறு யாராவது அதில் இருந்தால், மற்ற ஏழு மெஷினும் காலியாக இருந்தாலும் ஸ்டூலில் உட்கார்ந்து காத்திருப்பார். எந்த மெஷினில் திறந்தாலும் அதே மெயில்தான் வரும், கடிதம் இந்தப் பெட்டிக்குள் இல்லை, எங்கேயோ தூரத்தில் ஒரு பெரிய மெஷினில் இருக்கிறது என்று நான் விளக்கிச் சொன்னேன். அக்கா கவனமாகத் தலையாட்டிக் கேட்டார். கேட்டுவிட்டு ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தார்.

எட்டு மெஷினையும் ஒரே மாதிரி ஆக்குகிற யோசனை வந்தது ஒரு பயோடேட்டாவால். மணலிப் பக்கம் ஏதோ கம்பெனியில் அப்ரண்டிஸ் எடுக்கிறார்கள் என்று ஒருத்தர் அரக்கப்பரக்க வந்தார். வழக்கமாக என் பக்கம் உட்காருகிறவர். அன்று இடம் இல்லாமல் அண்ணன் பக்கம் உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் ஒற்றை விரலால் தட்டித் தட்டி அடித்தார். மூடும்போது சேவ் பண்ணவா என்று மெஷின் கேட்டது. என் கேடிஇயில் சேவ் பட்டன் இடது ஓரத்தில் இருக்கும். அண்ணனுடைய க்னோமில் அதே இடது ஓரத்தில் இருப்பது ‘சேவ் பண்ணாமல் மூடு’. மனுஷன் பழக்கத்தில் இடது ஓரத்தை அழுத்தினார். பள்ளிக்கூடத்திலிருந்து ஐடிஐ வரை அவர் வாழ்க்கை மொத்தமும் காற்றில் போனது.

அவர் எங்களைத் திட்டவில்லை. தலையைக் கையில் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் ரெண்டு வார்த்தை சொல்லியிருப்பேன். மறுபடி முழுதையும் நானே அடித்துக் கொடுத்தேன். அன்று சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வந்த அண்ணனிடம், இனிமேல் இந்தக் கடையில் ஒரே கட்சிதான் என்று சொன்னேன்.

“கரெக்டு. எல்லாத்தையும் க்னோம் ஆக்கிடலாம்” என்றான்.

இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. மூன்றாம் நாள் ஒரு முடிவுக்கு வந்தோம். அவன் க்னோம் அவனுக்கு, என் கேடிஇ எனக்கு. ஆனால் உட்காருகிறவர்களுக்கு எது எது என்று தெரியக் கூடாது. முகம் ஒன்றாக இருக்க வேண்டும், கைப்பழக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

அந்த மூன்று வாரங்கள் மாதிரி எங்கள் வாழ்க்கையில் பிறகு வரவில்லை. நானும் அண்ணனும் சின்ன வயதில்கூட அப்படிச் சேர்ந்து விளையாடியதில்லை. கூட்டம் இல்லாத காலை நேரங்களில் இரண்டு மெஷினைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, குழந்தைகள் பத்திரிகையில் ஆறு வித்தியாசம் கண்டுபிடிக்கிற மாதிரி உட்காருவோம். மேல் பட்டையை அவன் எடுத்தான். என் ஒற்றைக் கிளிக்கை நான் இரண்டு கிளிக்காக மாற்றினேன். ஜன்னலை மூடுகிற பெருக்கல் குறி எந்தப் பக்கம், எழுத்து எவ்வளவு பெரிசு, ஸ்க்ரோல் பட்டை எவ்வளவு தடிமன் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். இதன் மென்பொருள்களை அதன் தோற்றத்தில் காட்டுகிற தீம்கள் இணையத்தில் கிடைத்தன. எங்கள் டயல்-அப்பில் அவை சொட்டுச் சொட்டாக இறங்கும். பாதியில் யாராவது போன் செய்தால் லைன் அறுந்துபோகும். பெரியம்மா ஒருத்தி இருந்தாள், சரியாக முக்கால்வாசி இறங்கிய நேரம் பார்த்துத்தான் அம்மாவோடு பேச ஆசைப்படுவாள்.

நிறத்தில்தான் பெரிய தகராறு. பச்சை கூடாது என்றேன் நான், நீலம் கூடாது என்றான் அவன். கடைசியில் யாருக்கும் பிடிக்காத ஒரு சாம்பல் நிறத்தில் ஒத்துப்போனோம். அனல்மின் நிலையத்துச் சாம்பல் பறந்து எண்ணூரில் வீட்டுக்கு வீடு படிகிறதே, அதைத் திரைக்குள்ளேயும் கொண்டுவந்துவிட்டோம் என்று அண்ணன் சிரித்தான்.

இவ்வளவும் செய்த பிறகும் அந்தச் சேவ் பட்டன் மட்டும் இடம் மாற மறுத்தது. நாங்கள் எதிர்பார்க்காத கூத்தும் நடந்தது. முன்பாவது பச்சையைப் பார்த்தால் இது வேறு பெட்டி என்று ஆள் நிதானிப்பார். இப்போது எல்லாம் ஒன்றுபோலத் தெரிந்ததால் கண்ணை மூடிக்கொண்டு இடது ஓரத்தைக் குத்தினார்கள். சோதித்துப் பார்க்க உட்காரவைத்த எங்கள் அம்மாவே இரண்டு தடவை குத்தினாள். பார்வைக்கு மட்டும் ஒன்றாக்கினால் போதாது, பாதி ஒன்றாக்குவது ஒன்றாக்காமல் விடுவதைவிட ஆபத்து என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. பிறகு அவன் அவனுடைய எடிட்டரை விட்டுக்கொடுத்தான், நான் என் பிரவுசரை விட்டுக்கொடுத்தேன். எட்டு மெஷினிலும் அடிப்பதற்கு என் கட்சி, இணையத்துக்கு அவன் கட்சி. அம்மா மறுபடி உட்கார்ந்து சேவ் செய்தாள்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் கடையை மூடிக் கழுவினோம். எங்கள் பக்கத்தில் ஆயுத பூஜை என்றால் சாதாரணம் இல்லை. லேத் பட்டறை, லாரி, ஃபவுண்டரி, எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் மாலையும். அண்ணன் தொழிற்சாலையில் கொடுத்த பொரி, சுண்டல் பொட்டலங்களோடு வந்தான். மேசைகளையும் இடம் மாற்றிப் போட்டோம். விசிறி சரியாக ஓடாத மெஷின்களை வாசல் காற்றுக்குக் கொண்டுவந்தோம், மற்றவற்றை உள்ளே தள்ளினோம். எட்டு மானிட்டர் நெற்றியிலும் சந்தனப் பொட்டு வைத்து, எட்டையும் ஒன்றாக ஆன் செய்தோம். எட்டும் ஒரே முகம். எது அவனுடையது, எது என்னுடையது என்று எனக்கே ஒரு நிமிஷம் தெரியவில்லை. அந்தப் பெருமையை எப்படிச் சொல்ல? அண்ணன் என் தலையில் ஒரு குட்டு வைத்தான். அவன் அகராதியில் அதற்குப் பாராட்டு என்று பொருள்.

வந்தவர்களெல்லாம் சந்தோஷமாக எங்கே வேண்டுமானாலும் உட்கார்ந்தார்கள். பூஜை கழிந்த மறுநாள் மதியம் மீன்கார அக்கா வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றியவர் அப்படியே நின்றார்.

“என் பொட்டி எங்க பாப்பா?”

“இப்போ எல்லாம் உன் பொட்டிதான்க்கா. எதுல வேணும்னாலும் குந்து.”

அக்கா ஒவ்வொரு திரையாகப் பார்த்தார். வாசலுக்குப் பக்கத்தில் ஒன்றில் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார், பேருந்தில் யாரோ எழுப்பிவிடப்போகிறார்கள் என்பது மாதிரி. நான் மெயிலைத் திறந்தேன். புதிதாக எதுவும் இல்லை.

அடுத்த வாரமும் இல்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. கடைசியாக வந்த மெயிலில், கப்பல் முதலாளிக்கும் துறைமுகத்துக்கும் ஏதோ தகராறு, சம்பளம் நின்றிருக்கிறது, அடுத்த ஊர் போய் எழுதுகிறேன் என்று இருந்தது. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. சடையங்குப்பம் பக்கம் தண்ணீர் ஏறிவிட்டது என்று அண்ணன் வேலைக்குச் சுற்றிக்கொண்டு போனான். எங்கள் சந்தில் முழங்கால் அளவு தண்ணீர். அதில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அக்கா தினமும் வந்தார். வாரம் ஒருநாள் வந்தவர் தினமும் வரத் தொடங்கியிருந்தார்.

வார விடுமுறையில் அண்ணன் அக்காவைக் கூட்டிக்கொண்டு பாரிமுனைப் பக்கம் அந்த ஏஜெண்டைத் தேடிப் போனான். மாடிப்படி ஏறிப் போனால் அறை பூட்டிக் கிடந்தது. கீழே ஜெராக்ஸ் கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். திரும்பி வரும்போது ரயிலில் அக்கா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார் என்று அண்ணன் சொன்னான். சொல்லிவிட்டு, “எனக்கு பேஜாரா கீது. அந்தாளு உயிரோட கீறாரா இல்லியான்னே தெரியல” என்றான். நாங்கள் இரண்டு பேரும் மனசுக்குள் வைத்திருந்ததை அவன்தான் முதலில் வாய்விட்டுச் சொன்னான்.

பிறகு அக்கா ஒரு புது வழக்கம் ஆரம்பித்தார். ஒரு மெஷினில் உட்காருவார், மெயிலைத் திறக்கச் சொல்வார். இல்லை என்றதும் எழுந்து அடுத்த மெஷினுக்குப் போவார். அங்கேயும் திறக்கச் சொல்வார். இப்படியே அறையைச் சுற்றி வருவார். ஆள் உட்கார்ந்திருக்கிற இடத்தில் பக்கத்தில் போய் நிற்பார். கேம் ஆடுகிறவர்கள் முணுமுணுத்தார்கள். நானும் சில நாட்கள் பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றிலும் திறந்து காட்டினேன். ஒருநாள் கரண்ட் வேறு போய்ப் போய் வந்தது, யுபிஎஸ் கூவிக்கொண்டே இருந்தது. அக்கா ஐந்தாவது மெஷினுக்கு வந்து நின்றார். நான் வெடித்தேன்.

“எத்தன தபா சொல்றதுக்கா உனுக்கு? எதுல தொறந்தாலும் ஒண்ணுதான். இதுல இல்லன்னா எதுலியும் இல்ல!”

அக்கா கோபப்படவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“தெரியும் பாப்பா. நீதான் அன்னிக்கே சொல்லிட்டியே. எனக்கு அது தெரியாமலா கீது?”

“அப்பறம் ஏன்க்கா சுத்தி சுத்தி வர்ற?”

“அவுரு போட்டுக்குப் போய்கினு இருந்தப்ப, புயல் கியல்னா நாங்க பொம்பளைங்க கரைல போய் நிப்போம். எங்க போட்ட கரைல ஏத்தற எடம்னு ஒண்ணு கீதுல்ல, அங்கதான் நிப்பேன். பக்கத்து வூட்டுக்காரி அவ போட்டு ஏத்தற எடத்துல நிப்பா. பத்தடி தள்ளி நின்னா மட்டும் போட்டு வராதா? வரும். அது எல்லாருக்கும் தெரியும். ஆனா வூட்ல குந்திகினு இருக்க முடியாது பாப்பா. நெஞ்சு அடிச்சிக்கும். எங்கியாவது போய் நிக்கணும். நிக்கறதுக்கு நம்மள்துன்னு ஒரு எடம் வேணும். அந்தப் பச்சப் பொட்டி என் எடமா இருந்துச்சு. நீ எல்லாத்தையும் ஒரே மாறி பண்ணிட்ட. நான் எங்க நிக்கிறது, சொல்லு.”

எனக்கு எதிர்வாதம் எப்போதும் கைவசம் இருக்கும். அன்றைக்கு அழுகைதான் வந்தது, அதை மறைக்க மவுஸைக் கழற்றி அதன் உருண்டையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அக்கா போன பிறகு அண்ணனுக்குக்கூடச் சொல்லாமல், பின்னாலிருந்து இரண்டாவதாக இருந்த அக்காவின் பழைய மெஷினை உள்மூலைக்கு நகர்த்தினேன். மேல் பட்டையைத் திரும்பக் கொண்டுவந்தேன். பச்சை வயல் படத்தைத் தேடி எடுத்துப் போட்டேன். க்னோமை அதன் பழைய லட்சணத்தோடு என் கையாலேயே திரும்ப உட்காரவைத்தேன். ஷிப்ட் முடிந்து வந்த அண்ணன் மூலையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். கிண்டலாக ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தேன். “மேல் பட்டையில மணி தப்பா காட்டுது” என்றான். உட்கார்ந்து அதைச் சரிசெய்தான்.

மறுநாள் அக்கா வாசலிலேயே பச்சையைப் பார்த்துவிட்டார். நேராகப் போய் உட்கார்ந்தார். மெயில் இல்லை. இல்லை என்று தெரிந்த பிறகும் திரையையே பார்த்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். சுற்றி வருவது அன்றோடு நின்றது. அது மட்டும் ஏன் பச்சை என்று கேட்டவர்களுக்கு, அது அக்காவுடையது என்று சொன்னேன். மேற்கொண்டு யாரும் கேட்கவில்லை. எங்கள் ஊரில் பாதிப் பேருக்குக் கரையில் நின்ற அம்மாவோ பாட்டியோ இருந்திருக்கிறார்கள்.

நான் இன்னொன்றும் செய்தேன். பாஸ்வேர்டு என்னிடம் இருந்ததால், காலையில் கடையைத் திறந்ததும் கவுண்டர் பக்க மெஷினில் அக்காவின் மெயிலை முதலில் நானே பார்த்துவிடுவேன். கெட்ட செய்தி ஏதாவது வந்திருந்தால் அதை எப்படிச் சொல்வது என்று யோசிக்கக் கொஞ்சம் நேரம் கிடைக்குமே என்றுதான். கார்த்திகை போய் மார்கழி வந்தது. பார்ப்பதும் மூடுவதும் பல் விளக்குவது மாதிரி ஆகிவிட்டது.

பொங்கலுக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு குழைத்துவைத்திருந்த ஒரு காலையில், மெயில் பட்டியலின் மேலே தடித்த எழுத்தில் ஒரு வரி இருந்தது. அனுப்பியவர் பெயர் அக்கா வீட்டுக்காரர் பெயர். தலைப்பு இல்லை. கிளிக் செய்யப் போனேன். செய்யவில்லை. அவர் பெயரில் வேறு யாராவதுகூட எழுதியிருக்கலாம், கப்பலில் கூட இருந்தவர்கள், ‘உங்கள் கணவர்’ என்று ஆரம்பித்து. அது எதுவாக இருந்தாலும் நான் முதலில் தெரிந்துகொண்டு, தெரியாத முகத்தோடு அக்காவை உட்காரவைக்க என்னால் முடியாது. திறந்துவிட்டால் அந்தத் தடித்த எழுத்தும் மெலிந்துவிடும். திறக்காமல் வெளியே வந்தேன்.

அக்கா வருவதற்கு மதியம் ஆகும். மார்க்கெட்டுக்கு ஓடிப்போய்ச் சொல்லலாம்தான். என்னவென்று சொல்வது? கடிதம் வந்திருக்கிறது, நல்லதா கெட்டதா தெரியாது என்றா? பச்சை மெஷினை ஆன் செய்து, நாற்காலியைத் துடைத்துப் போட்டு, பக்கத்தில் நின்றேன். உட்கார வந்த ஒருவரை விரட்டினேன். சந்துமுனை வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு மறுபடி அதே இடத்தில் வந்து நின்றேன். கவுண்டரில் உட்கார்ந்தால் இருப்புக்கொள்ளவில்லை. அந்த நாற்காலிப் பக்கத்தில் நின்றால் மட்டும் மூச்சு ஒழுங்காக வந்தது.

அன்று பார்த்து வலையில் நல்ல மீன்பாடு போலிருக்கிறது, விற்று முடித்து அக்கா வழக்கத்தைவிடத் தாமதமாக வந்தார். என் முகத்தைப் பார்த்தார், பச்சை மெஷினுக்குப் போனார். உட்கார்ந்தார். நான் பாஸ்வேர்டை இரண்டு தடவை தப்பாக அடித்தேன். மூன்றாவது தடவை திறந்தது. திரையில் தடித்த ஒற்றை வரி. அதன் மேல் கிளிக் செய்தேன்.

நீளமான மெயில். முதல் சொல் ‘innaame’. அக்கா அதைத் தொட்டுக்காட்டினார்.

“இன்னாமேன்னுதானே போட்டுக்கீது? இத்த நான் படிச்சிட்டேன். எப்பவும் இதான் மொதல்ல கீது. அப்பால இன்னா?”

நான் படித்தேன். இன்னாமே, பயந்துட்டியா. எங்களை இறங்க உடல, கப்பல்லயே வச்சிருந்தாங்க. இப்ப உட்டுட்டாங்க. டிக்கெட் குடுத்துட்டாங்க. நான் வந்துகினு கீறேன்.

நான் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது. அடுத்த வரியைப் படிக்க வாய் திறந்தேன். இன்னும் ஒரு பக்கம் அளவுக்கு இருந்தது. அக்கா எட்டி என் கையைப் பிடித்து மவுஸிலிருந்து எடுத்தார். அந்தக் கையில் சோப்பு வாசமும் மீன் வாசமும் சேர்ந்து அடித்தது.

“போதும் பாப்பா, மூடிடு. மிச்சத்த அந்தாளே வந்து சொல்லட்டும்.”